கொங்கு நாட்டிலிருந்து குறைந்த செலவில் ஒரு வெளிநாட்டுக் கடற்கரை: கோடை விடுமுறைக்குத் திருக்கோணமலை போக முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று கொங்கு நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் நமக்குக் கடல் தூரம்தான். ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று கோயிலுக்குப் போகும்போது கடலையும் பார்த்துவிட்டு வருவோம். இப்போது வீட்டுக்கு வீடு பாஸ்போர்ட் இருக்கிறது. பிள்ளைகள் பாலி, பூக்கெட், மாலத்தீவு என்று கேட்கிறார்கள். நான்கு பேருக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்ததும் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது.

நிற்க வேண்டியதில்லை. நம் ஊர்க் குடும்பம் ஒன்று முதன்முதலாக வெளிநாட்டுக் கடற்கரைக்குப் போவதென்றால், இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் திருக்கோணமலையைத்தான் நான் சொல்வேன். பக்கத்து நாடு, கடியாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். இதையெல்லாம்விட முக்கியமானது, நம் பள்ளி விடுமுறையும் அந்தக் கரையின் நல்ல பருவமும் ஒன்றாக வருகின்றன. செலவு குறைவதும் கூடுவதும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. தவறான மாதத்தில் பாதி விலைக்கு அறை கிடைத்தாலும், சன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது நட்டக் கணக்குதான்.

முதலில் மாதம், பிறகுதான் ஊர்

இலங்கைக்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பு, காலி, மிரிஸ்ஸ, ஹிக்கடுவ என்று தென்மேற்குக் கரைப் பக்கம் அடிக்கிறது. அலை உயரும், பல இடங்களில் கடலில் இறங்கவே முடியாது. அதே நாட்களில் கிழக்குக் கரை வெயிலில் காய்ந்து கிடக்கும், கடலும் அமைதியாக இருக்கும். நடுவில் இருக்கும் மலைநாடு மழையைத் தடுத்து நிறுத்திவிடுவதே காரணம். நமக்கு இது புதிதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் கொட்டும்போது பல்லடமும் காங்கேயமும் காய்வது இதே கணக்கில்தான்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழையும் வங்கக் கடல் புயல்களும் கிழக்குக் கரைக்கு வரும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையை எவ்வளவு மோசமாகத் தாக்கியது என்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த மாதங்களில் திருக்கோணமலைக்குத் திட்டமே போடாதீர்கள். அரையாண்டு விடுமுறையில்தான் போக முடியும் என்பவர்கள் தென்மேற்குக் கரையைப் பாருங்கள். கொழும்பிலிருந்து காலி வரை கடலை ஒட்டியே ரயில் போகிறது, டிக்கெட்டும் மலிவு. டிசம்பர் முதல் மார்ச் வரை உனவட்டுனவும் மிரிஸ்ஸவும் அருமையாக இருக்கும். ஆனால் உலகமே அங்கே வருகிற நேரம் அது, அறை வாடகை ஏறியிருக்கும்.

கோடை விடுமுறைக்குள் எந்த நாட்கள்? ஏப்ரல் 12 முதல் 16 வரை தவிர்த்துவிடுங்கள். சித்திரைப் புத்தாண்டு தமிழர், சிங்களவர் இருவருக்குமே பண்டிகை. கடைகள் மூடியிருக்கும், பேருந்துகளில் நிற்க இடமிருக்காது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே முடியும் வரை நமக்கு ஏற்ற காலம். கிழக்குக் கரையில் வெள்ளைக்காரர் கூட்டம் ஜூலை, ஆகஸ்டில்தான் உச்சத்துக்குப் போகும். மே மாதத்தில் அறை எளிதாகக் கிடைக்கும், வாடகையிலும் பேச இடமுண்டு. வெயில் கொளுத்தும் என்பது உண்மை, ஆனால் கரூர் வெயிலில் வளர்ந்தவர்களை அது ஒன்றும் செய்யாது. இன்னொரு விஷயம்: பௌர்ணமி நாள் அங்கே அரசு விடுமுறை, அதைப் போயா என்பார்கள். அன்று மது விற்கமாட்டார்கள், பல அலுவலகங்கள் இருக்காது. பணம் மாற்றுவதை அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று வழிகள்

முதல் வழி திருச்சி. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ விமானம் 2025 மார்ச் கடைசியில் தொடங்கியது. பறக்கும் நேரம் சுமார் ஒரு மணிதான். கரூர், நாமக்கல், ஈரோட்டுக்காரர்களுக்குத் திருச்சி விமான நிலையம் எட்டிப்பிடிக்கும் தூரம். கோவை, திருப்பூரிலிருந்து ஈரோடு, கரூர் வழியாக நேர் ரயில்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் இறங்கினால் கொழும்பு போய்ச் சுற்றி வருகிற செலவும் ஒரு நாளும் மிச்சம். என் வாக்கு இந்த வழிக்குத்தான்.

இரண்டாவது வழி கப்பல். நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். எர்ணாகுளம் - காரைக்கால் ரயில் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வழியாக நாகப்பட்டினம் வரை வருவதால் நம்மவர்களுக்கு வசதி. கடல் வழியாக ஒரு நாட்டுக்குள் நுழைவது பிள்ளைகளுக்கு வாழ்நாள் அனுபவம், நேரம் இருந்தால் கட்டாயம் போங்கள். ஆனால் கடல் கொஞ்சம் கலங்கினாலும் பயணம் ரத்தாகும். திரும்பி வந்த மறுநாளே வேலையில் நிற்க வேண்டியவர்கள் இந்த வழியை எடுக்க வேண்டாம். வாந்தி வருகிற உடம்பு என்றால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி எடை வரம்பை டிக்கெட் போடும்போதே படித்துவிடுங்கள்.

மூன்றாவது, கொச்சியிலிருந்தோ மதுரை, திருச்சியிலிருந்தோ கொழும்பு விமானம். கொழும்பு விமான நிலையம் கட்டுநாயக்கவில் இருக்கிறது. அங்கிருந்து திருக்கோணமலைக்குச் சாலைவழி ஆறேழு மணி நேரம் ஆகும். தென்மேற்குக் கரைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் சரி, கிழக்குக்குச் சுற்று வழி.

தாள்கள்

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் போகும் தேதிக்கு நான்கைந்து மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், 18 வயதுக்குக் கீழ் 1,000 ரூபாய். கடைசி நேரத்தில் தட்கலில் போனால் ஆளுக்கு 2,000 கூடுதல். நான்கு பேருக்கு 8,000 ரூபாய் அதிலேயே போய்விடும், அது இரண்டு மூன்று நாள் அறை வாடகை. ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள், போகும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்திலேயே முடிந்துவிடும் என்பதைப் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள்.

இலங்கைக்கு ஈ.டி.ஏ. என்கிற இணைய அனுமதி எடுக்க வேண்டும். கட்டண விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போட்ட கையோடு அந்நாட்டுக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அரசு தளத்தில் பார்த்து அங்கேயே விண்ணப்பியுங்கள். தேடும்போது அதே மாதிரி முகப்புள்ள தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும், இரண்டு மடங்கு பிடுங்கும். முகவரி அரசு முகவரிதானா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் வீட்டில் இன்னொருவரை வைத்து ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இனிஷியலை விரித்து எழுதுவதில் குழப்பம் வருவது நம் பெயர்களுக்குத்தான்.

பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள். அப்புச்சி, அமுச்சியைக் கூட்டிப்போவதாக இருந்தால் இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

பணம்: எங்கிருந்து சேர்ப்பது, எப்படிப் பிரிப்பது

திருப்பூரில் பெரும்பாலானவர்களுக்கு வருடத்தில் ஒரே தடவை கையில் மொத்தமாகப் பணம் வருவது தீபாவளி போனஸில்தான். அதிலிருந்து விமான டிக்கெட்டை மட்டும் போட்டுவிடுங்கள். மே மாதத்துக்கு டிசம்பர், ஜனவரிக்குள் போட்டால் பெரும்பாலும் விலை தணிவாக இருக்கும். மீதிச் செலவுக்கு ஜனவரியிலிருந்து மாதாமாதம் ஒதுக்குங்கள். ஏலச்சீட்டு போடுகிறவர்கள் அந்தச் சீட்டைச் சுற்றுலாவுக்காகத் தள்ளி எடுக்காதீர்கள். சீட்டுப் பணம் பள்ளிக் கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ளது. கடன் வாங்கியோ தவணையில் விழுந்தோ போகும் சுற்றுலாவில் பெரியவர்கள் யாரும் நிம்மதியாக இருப்பதில்லை.

நான்கு பேர், ஏழு இரவு என்று வைத்துக்கொண்டு, டிக்கெட்டும் விசாவும் நீங்கலாக நான் ஒதுக்கச் சொல்வது இது. நால்வரும் தங்கும் ஏ.சி. அறைக்கு இரவுக்கு 2,500 ரூபாய் வீதம் 17,500. சாப்பாட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 700 வீதம் எட்டு நாளைக்கு 22,400. பேருந்து, ஆட்டோ, ஒரு நாள் வேன் எல்லாவற்றுக்கும் 12,000. படகுக்கும் நுழைவுச் சீட்டுகளுக்கும் 10,000. தொடாமல் வைத்திருக்க 10,000. மொத்தம் 71,900. ஏ.சி. வேண்டாம், மதியம் சோற்றுக் கறிச் சாப்பாடு போதும் என்றால் இன்னும் குறையும். கடைசி 10,000 மட்டும் எந்தக் காரணத்துக்கும் குறையக் கூடாது. கப்பலோ விமானமோ ஒரு நாள் தள்ளிப்போனால் கைகொடுப்பது அதுதான்.

இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கும். அதனால் அங்கே ஒரு தேநீர் 100 ரூபாய் என்றதும் திடுக்கிட வேண்டாம், மனத்துக்குள் மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து நம் யு.பி.ஐ. அங்கேயும் வேலை செய்கிறது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே செயலிக்குள் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்க வேண்டும். பெரிய கடைகளில் கைகொடுக்கும். கரையோரச் சின்னக் கடைகளுக்கும் ஆட்டோவுக்கும் ரொக்கம்தான். கொஞ்சம் டாலர் நோட்டு வைத்திருந்து வங்கியில் மாற்றுங்கள், ரசீதை வைத்துக்கொண்டால் மிச்சத்தைத் திரும்ப மாற்றலாம்.

பேக்கேஜ் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ் வாங்கினால் விலையோடு டி.சி.எஸ். என்று ஒரு வரி பிடிப்பார்கள். அது வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது உங்கள் பான் கணக்கில் வரவாகி நிற்கும், கழிவாகவோ திருப்பியோ வாங்கலாம். சின்னத் தொழில் செய்பவர்கள் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இருந்தாலும் மொழி புரிகிற நாட்டுக்குப் பேக்கேஜ் தேவையில்லை என்பது என் எண்ணம்.

எட்டு நாளை எப்படி வைப்பது

ஊர் மாறுவதுதான் செலவு. ஒரு வாரத்தில் கண்டி, நுவரெலியா, காலி என்று எல்லாவற்றையும் தொட்டுவரப் பார்த்தால் வேன்காரருக்குத்தான் பணம் போகும், கடலில் நனைய நேரமிருக்காது. இரண்டே ஊர் போதும்.

முதல் இரண்டு இரவு யாழ்ப்பாணம். மாலை நல்லூர் முருகனைப் பார்த்துவிடுங்கள். ஆண்கள் மேல்சட்டை இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும், ஒரு வேட்டி கைப்பையில் இருக்கட்டும். மறுநாள் காரைநகர் பக்கம் இருக்கிற கசூரினா கடற்கரை. நீண்ட தூரத்துக்கு இடுப்பளவு ஆழம்கூட இல்லாத கடல் அது. கடலை முதன்முதலாகத் தொடுகிற பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

மூன்றாம் நாள் அதிகாலையில் வவுனியா வழியாகத் திருக்கோணமலைக்குப் பேருந்து. சுமார் ஆறேழு மணி நேரம் ஆகும். பகலில் போனால் வன்னி நிலத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். அங்கே நான்கு இரவு. ஏழாம் நாள் காலையில் கிளம்பி யாழ்ப்பாணம் வந்து தங்கி, மறுநாள் விமானம். விமானம் கிளம்பும் அதே காலையில் திருக்கோணமலையிலிருந்து வந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

தங்குவதற்கு இரண்டு இடம் உண்டு. நகரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் உப்புவெளி, அதற்கு வடக்கே தள்ளி நிலாவெளி. நிலாவெளிக் கடற்கரை அகலமானது, அழகில் ஒரு படி மேல். ஆனால் விடுதிகள் தள்ளித்தள்ளி இருப்பதால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஆட்டோ தேட வேண்டிவரும். உப்புவெளியில் கடை, சாப்பாடு, பேருந்து எல்லாம் நடை தூரம். குறைந்த செலவென்றால் உப்புவெளியில் தங்கி, ஒரு நாள் நிலாவெளிக்குப் போய்வாருங்கள்.

கடலைப் பார்த்த அறை கேட்காதீர்கள். ஒரு தெரு உள்ளே இருக்கும் வீட்டு விடுதிகளில் வாடகை நன்றாகவே இறங்கும், கடலுக்கு ஐந்து நிமிட நடை. இணையத்தில் முதல் இரண்டு இரவை மட்டும், ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் போடுங்கள். மீதி இரவுகளை நேரில் போய் உரிமையாளரிடம் பேசிக்கொள்ளலாம். தளத்துக்குக் கொடுக்கும் கமிஷன் அவருக்கு மிச்சமாவதால் குறைத்துக் கொடுப்பார். ஏ.சி. வாடகையோடு சேர்ந்ததா, தனியா, காலைச் சாப்பாடு உண்டா என்ற இரண்டையும் முன்கூட்டியே தெளிவாகக் கேட்டுவிடுங்கள். அக்கா, அண்ணா என்று மரியாதையாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்கள் பல வருடப் போரையும் 2004 சுனாமியையும் கண்ட மக்கள். அந்த நாட்களைப் பற்றி அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நாமாகத் துருவ வேண்டாம்.

திருக்கோணமலையில் அதிகச் செலவில்லாத இடங்களே நிறைய. கடலுக்குள் துருத்தி நிற்கும் பாறை உச்சியில் திருக்கோணேசுவரம் இருக்கிறது, சம்பந்தர் தேவாரம் பெற்ற தலம். போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் பயமில்லாமல் திரியும். கன்னியா வெந்நீர் ஊற்றுகளில் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு.

பெரிதாகப் பணம் கேட்கும் இடம் புறாத் தீவு. நிலாவெளிக்கு எதிரே பவளப்பாறைகள் சூழ்ந்த தேசியப் பூங்கா அது. முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீரில் குனிந்தாலே வண்ண மீன்கள் தெரியும். இதற்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். நுழைவுச் சீட்டு வேறு, படகு வேறு. படகுக்கு ஆள்கணக்கு இல்லாமல் மொத்தமாக ஒரு வாடகை கேட்பார்கள். ஆகவே முந்தின நாள் மாலையிலேயே விடுதியில் இன்னொரு குடும்பத்தோடு பேசிச் சேர்ந்து போனால் அந்தச் செலவு பாதியாகும். சீட்டு வாங்கும்போது சார்க் நாட்டினருக்கு (இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாட்டவருக்கு) தனிக் கட்டணம் உண்டா என்று பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். காலையில் முதல் படகில் போங்கள், நீர் தெளிவாக இருக்கும். பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது, ஒரு துண்டுகூட எடுத்துவரக் கூடாது.

சாப்பாடு

இடியப்பம், சொதி, புட்டு, சோறு கறி என்று நம் நாக்குக்குப் பழக்கமானதுதான். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தேங்காய்ச் சம்பலிலும் சில காய்கறிக் கறிகளிலும் மாசிக் கருவாடு சேர்ப்பார்கள், பேக்கரிப் பன்னுக்குள் மீன் இருக்கும். "மாசி போட்டிருக்கா?" என்று கேட்டே வாங்குங்கள், அல்லது சைவக் கடைக்குப் போய்விடுங்கள். மதியம் சாதாரணக் கடையில் சோறும் கறியும் வாங்கினால் வயிறும் நிறையும், செலவும் அடங்கும். கரையோர உணவகங்களில் மூன்று வேளையும் சாப்பிட்டால் மேலே போட்ட கணக்கு தாங்காது.

தண்ணீரில் இறங்கும்போது

இதை மெதுவாகப் படியுங்கள். நாம் கிணற்றிலும் வாய்க்காலிலும் நீச்சல் படித்தவர்கள். பவானி ஆற்றில் அக்கரை வரை போய்வருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தைரியம் கடலில் செல்லாது.

லாரி டியூபும் காற்றடைத்த மிதவைகளும் வேண்டவே வேண்டாம். கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அலை இல்லாமல் குளம் போலத் தெரிகிற கடலில், மிதவையில் படுத்திருக்கும் பிள்ளையைக் காற்று சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். கரையில் இருப்பவர் பார்ப்பதற்குள் எட்டாத தூரமாகியிருக்கும். உடம்போடு கட்டுகிற லைஃப் ஜாக்கெட் மட்டும் போடுங்கள்.

சில இடங்களில் கரைக்கு வந்த தண்ணீர் ஒரு ஒடுக்கமான தடத்தில் வேகமாகக் கடலுக்குத் திரும்பும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் கறுப்பாகத் தெரிகிற இடம் பெரும்பாலும் அதுதான். பார்க்க அமைதியாக இருப்பதால் அங்கேதான் இறங்கத் தோன்றும். அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, சக்தி தீர்ந்துவிடும். மிதந்தபடியே கையைத் தூக்கிக் காட்டுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தித் தடத்தை விட்டு வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். காப்பாற்றப் போகிறவரும் மாட்டிக்கொள்வதால்தான் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று உயிர் போகிறது. கயிறோ மிதக்கிற கேனோ இல்லாமல் உள்ளே குதிக்காதீர்கள், மீனவர்களைக் கூப்பிடுங்கள். இறங்கும் முன்பே அங்குள்ள மீனவர் ஒருவரிடம் "இங்க குளிக்கலாங்களா?" என்று கேட்டுவிடுவது எந்தப் பலகையையும்விட நம்பகமானது.

இருட்டியபின் இறங்க வேண்டாம். குடித்தவர்களைப் பகலிலும் இறங்க விடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னார் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வோம் என்று விட்டால் யாருமே பார்க்கமாட்டார்கள். நீச்சல் தெரியாத பிள்ளைகளே அதிகம் என்றால், திருக்கோணமலையில் ஒரு இரவைக் குறைத்துத் தெற்கே பாசிக்குடாவுக்குப் போகலாம். வெகு தூரம் நடந்தாலும் ஆழம் கூடாத விரிகுடா அது, சாலையில் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

உடைக்கு ஒரு யோசனை. பருத்தி பனியனும் லெக்கின்ஸும் தண்ணீர் குடித்துக் கனத்து உடம்பை இழுக்கும், சேலையும் நைட்டியும் காலைச் சுற்றும். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சத்தில் முழுக்கை பாலியஸ்டர் விளையாட்டு உடைகள் மலிவாகக் கிடைக்கும். ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம் காயும், தோல் கருகாது, பவளத்துக்குக் கெடுதல் செய்யும் சன்ஸ்கிரீமைப் பூசுவதும் பாதியாகக் குறையும். முழங்கால் வரை உள்ள இறுக்கமான கால்சட்டையும், காலில் மாட்டினால் கழலாத ரப்பர் செருப்பும் போதும். நிறம் மட்டும் ஆரஞ்சோ பச்சையோ பளிச்சென்று எடுங்கள். நீலமும் கறுப்பும் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது.